சட்டி ஏரியில் ஓர் அந்நியர்

“சட்டி ஏரியில் ஓர் அந்நியர் இருக்கிறார்.”

ஒலிபெருக்கி இதைச் சொன்னபோது செண்பகவல்லி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரையைத் துப்பக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

கெல்மார் தீவுக்கூட்டத்தில் மனிதர்கள் மொத்தமே மூன்று பேர். ஏரிகளை ஆராய வந்த உயிரியலாளர் அவள். நிலையத் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் மச்சாடோ, தூத்துக்குடிக்காரர், பாதி வாழ்க்கையைக் கப்பலிலேயே கழித்தவர். பம்ப், ஜெனரேட்டர், குழாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இன்ஜினீயர் சுடலைமுத்து. மூவரும் ஒரே கூரைக்குக் கீழேதான் தூங்கி எழுந்திருந்தார்கள். பக்கத்து ஊர் என்று ஒன்றைத் தேடினால் பனிக்கண்டம் ஒரு பக்கம், மறுபக்கம் பல நாள் கப்பல் பயணம்.

“யாராம்? மாமியார் ஏதும் சொல்லுதாளா?” என்று கைலியை இறுக்கிக்கொண்டே வந்தார் மச்சாடோ.

“ஆளா இருக்காது அண்ணாச்சி” என்றான் சுடலை, ரொட்டியை மென்றுகொண்டு. “மாமியாருக்கு எறும்பும் அந்நியர்தான், யானையும் அந்நியர்தான். எல்லாருக்கும் ஒரே மரியாதை.”

மாமியாரின் உண்மைப் பெயர் நன்னீர்க் காவல் அமைப்பு. ஏரிக்கு ஓர் உறிஞ்சுகுழாய் போட்டு, தண்ணீரை இழுத்து, அதில் குளித்தது, முட்டையிட்டது, செத்தது எல்லாவற்றின் மரபணுத் துணுக்கையும் வாசிக்கிற இயந்திரம். வாசித்ததைப் பூர்வீக உயிர்களின் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லாத ஒன்று தலைகாட்டினால் தொலைந்தது. பெயர் வைத்தவன் சுடலை. “அடுப்படியில ஸ்பூன் இடம் மாறினாக்கூட கண்டுபிடிச்சிருது. வேற என்ன பேரு வைக்க?”

“அந்நியரின் இனம்: நீர்த்தெள்ளு” என்றது ஒலிபெருக்கி. “அளவு: கடுகில் பாதி. பிறப்பிடம்: தாமிரபரணி ஆறு, அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரம். பொருத்தம் உறுதி.”

சுடலை மெல்லுவதை நிறுத்தினான். அவன் ஊர் கல்லிடைக்குறிச்சி. அம்பாசமுத்திரத்துக்கு ஆற்றைத் தாண்டினால் போதும்.

“எதுக்கு ரெண்டு பேரும் என்னையே பாக்கீங்க?”

“மூலம் தெரிந்தால் மூலம் துண்டிக்கப்படும். ஏரி தப்பும்” என்று தொடர்ந்தது குரல், ரயில் நேரம் சொல்வதுபோல. “மூலம் தெரியாவிட்டால் ஏரி முழுமையாகச் சுத்திகரிக்கப்படும். வந்திருக்கும் கப்பல் புறப்படும்வரை அவகாசம். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.”

செண்பகவல்லி அப்போதுதான் நுரையைத் துப்பினாள்.

முழுச் சுத்திகரிப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கிடங்கில் விஷ மருந்து நிரப்பிய மஞ்சள் டிரம்கள் வரிசையாக நின்றன. ட்ரோன்கள் அவற்றைத் தூக்கிப்போய் ஏரியில் கவிழ்க்கும். பாசி முதல் மீன்குஞ்சு வரை எல்லாம் சாகும். நீர்த்தெள்ளின் முட்டை இறகில் ஒட்டியிருக்கலாம் என்பதால் வாத்துகளும் ‘நீக்கப்படும்’. சட்டி ஏரியின் வாத்து உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இந்தத் தீவுகளை விட்டால்.

*

ஏரிக்கரையில் முதலில் காலைக் கழுவ வேண்டும். பூட்ஸின் அடியைப் பிரஷ்ஷால் தேய்த்து, மருந்தில் முக்கி, சூடான காற்றில் உலர்த்தினால்தான் கம்பிக்கதவு திறக்கும். “மாமியார் வீட்டு வாசப்படி” என்று அதற்கும் சுடலை பெயர் வைத்திருந்தான்.

கதவைத் தாண்டினால் வேறு உலகம். கரிய எரிமலைப் பாறைகளுக்கு நடுவே, சட்டியில் ஊற்றி வைத்தாற்போல் வட்டமான தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் வரிகூடத் தெரியும். ஒரு மரம் கிடையாது. எதிர்ச்சரிவில் அருவி விழ வேண்டிய இடத்தில் காற்று அதை அள்ளி மேலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றுக்குப் பயந்து இங்கே ஈக்கள் இறக்கையை விட்டுவிட்டு நடந்தே போகப் பழகிவிட்டன. வாத்துகளும் அப்படித்தான். கோழிக்குஞ்சு அளவுக்குச் சாம்பல் நிற உருண்டைகள். இறக்கை இருக்கிறது, சும்மா அலங்காரத்துக்கு.

அவள் குனிந்ததும் ஒரு வாத்து வந்து பூட்ஸ் கயிற்றை இழுத்துப் பார்த்தது. பின்னாலேயே அதன் குஞ்சுகள். மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தலைக்கு மேலே ஆலாப் பறவைகள் கீச்சிட்டுக்கொண்டு தண்ணீரில் முங்கி எழுந்தன.

ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்துக் கையடக்க மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். இருந்தது. ஒரே ஒரு நீர்த்தெள்ளு, குளிரில் விறைத்து, எப்போதாவது ஒரு உதறல்.

“கேக்குதா?” என்றாள் கரையிலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்து. “இது இந்தக் குளிர்ல குஞ்சு பொரிக்காது. பனிக்காலம் வந்தா தானா செத்துரும்.”

“சாத்தியம். எனினும் மூலம் துண்டிக்கப்படாவிட்டால் மறுபடி வரும்.”

“அந்த வாத்தும் ஒரு காலத்துல எங்கிருந்தோ வந்ததுதானே? வந்த பிறகுதானே பறக்க மறந்துச்சு?”

“பட்டியலுக்கு முன் வந்தவர்கள் பூர்வீகர்கள். பின் வந்தவர்கள் அந்நியர்கள்.”

“பட்டியலை யார் போட்டது?”

“தீவுப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகள்.”

“வாத்தைக் கேட்டாங்களா?”

“கேள்வி புரியவில்லை.”

“சரி, மூலம் மனுஷனா இல்லாம வேற எதுவாவது இருந்தா?”

“மனிதர் எனில் மனிதர் வெளியேற்றப்படுவார். கப்பல் எனில் கப்பல் தடுக்கப்படும். விலங்கு எனில் அந்த விலங்கினம் நீக்கப்படும்.”

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தது. அவள் தலைமையகத்துக்கு எழுதினாள். ‘உங்கள் ஆதங்கம் பதிவு செய்யப்பட்டது’ என்று பதில் வந்தது. ஆதங்கம் இல்லை, அவசரம் என்று மறுபடி எழுதினாள். மறுபடி ஆதங்கம் பதிவு செய்யப்பட்டது. மூன்றாவது முறை எழுதியபோது, இந்தச் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. கணினியைத் தூக்கிக் கடலில் எறியலாமா என்று இருந்தது. அதற்கும் கால் கழுவ வேண்டும்.

*

மாமியாரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மூவரும் பம்ப் அறைக்குத்தான் போவார்கள். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் காது கேட்காது.

செண்பகவல்லி உள்ளே நுழைந்து கதவை அறைந்து சாத்தினாள். “ஊர்லேருந்து ஏதாவது கொண்டு வந்தியா?”

சுடலை ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். “அம்மா குடுத்துச்சு. ஒரு சின்னச் சொம்புல ஆத்துத் தண்ணி.”

“அடப்பாவி!”

“எங்க வீட்டுப் பழக்கம் அக்கா. புது பம்ப் மாட்டினா, முதல்ல வர்ற தண்ணியில நம்ம ஆத்துத் தண்ணி கொஞ்சம் கலக்கணும். அப்பதான் ஊத்து வத்தாதாம். எங்கப்பா மாட்டின பம்புக்கெல்லாம் அப்படித்தான் செஞ்சாரு.”

“இங்கே எப்படி உள்ளே வந்துச்சு? விதை ஒண்ணு சட்டைப்பையில இருந்தாக்கூட விடமாட்டாங்களே!”

“பம்புக்கு உள்ள வச்சுத்தான். ஸ்பேர் பார்ட்ஸ யாரு கழட்டிப் பாக்கா?” சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட எட்டிப்பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

“ஊத்தினியா, இல்லையா?”

அவன் வெளியே பார்த்தான். சிறிய ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது. “ஊத்தலன்னு சொன்னா நம்பப் போறீங்களா?”

“எப்படி நம்புறது? ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டி உங்க ஊர்த் தெள்ளு நடந்தா வந்துச்சு? நாளைக்கு இந்நேரம் அந்தக் குஞ்செல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்கும். உன்னையெல்லாம் தண்ணிப் பக்கமே விட்டிருக்கக் கூடாது!”

வார்த்தை போய்விட்டது. சுடலை சிரித்தான். எப்போதும் சிரிக்கிற சிரிப்பு இல்லை.

“இதே வார்த்தை எங்கப்பாகிட்ட சொல்லியிருக்காங்க அக்கா. மோட்டார் ரிப்பேர் பாக்கக் கூப்பிட்டவங்கதான். கிணத்துல இறங்கினாத்தானே மோட்டார எடுக்க முடியும்? இறங்கி, எடுத்து, ஓட்டிக் குடுத்தாரு. அவரு தெருத் தாண்டிப் போறதுக்குள்ள அதே மோட்டாரப் போட்டுக் கிணத்துத் தண்ணி மொத்தத்தையும் இறைச்சு வெளிய ஊத்தினாங்க. அப்பறம் சுண்ணாம்பு அடிச்சாங்க.” ஸ்பேனரை ஆணியில் மாட்டினான். “மாமியாருக்கு இதையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தான்னுதான் யோசிக்கேன்.”

அவள் வாயைத் திறக்குமுன் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவள் பின்னால் ஓடியபோது அவன் கூடத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றிருந்தான். மச்சாடோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார்.

“தாமிரபரணி நீரைக் கொண்டுவந்ததை ஒப்புக்கொள்கிறீர்களா?”

“ஆமா.”

“ஏரியில் கலந்தீர்களா?”

“கலந்தேன்.”

“பாத்திரம் எங்கே?”

“கடல்ல போட்டுட்டேன்.”

“தனியாகச் செயல்பட்டீர்களா?”

“கூட்டம் கூட்டித் தேங்காயா உடைப்பாங்க? தனியாத்தான்.”

“நன்றி. மூலம் உறுதி. மூலம் துண்டிக்கப்படும்.”

வெளியே, டிரம்களைத் தூக்கத் தயாராக நின்ற ட்ரோன்களின் விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஏரி தப்பியது. சுடலைக்கு இனி எந்தத் தீவிலும் வேலை இல்லை, உடன்படிக்கை நாடுகளின் எந்தக் கப்பலிலும் கால் வைக்க முடியாது.

“ஏல சொடல, என்னடே இது?” என்றார் மச்சாடோ. “எதுக்குல அவசரப்பட்ட?”

“விடுங்க அண்ணாச்சி. பாஸ்போர்ட் போட்டோவுல நான் நல்லாவும் இல்ல.”

மறுநாள் படகில் ஏறுமுன் ஒரு துண்டில் சுற்றிய பொட்டலத்தை அவளிடம் நீட்டினான். “பம்ப் ரூம் மேல்தட்டுல வச்சிருங்க அக்கா. பம்ப் மக்கர் பண்ணினா இதைக் காட்டி மிரட்டுங்க, ஓடும்.”

அவன் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள். அவன் ஒரு நிமிஷம் நின்றான். போயிட்டு வா என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்திருக்கலாம். அவள் சொல்லவில்லை.

*

அன்றிலிருந்து மாமியாரின் காலை அறிவிப்பில் ஒரு வரி கூடியது.

“பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுங்கள். சுடலைமுத்துவைப் போல் நடந்துகொள்ளாதீர்கள். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.”

தினமும் பல் தேய்க்கிற நேரத்துக்குச் சரியாக. இந்த நிலையத்தில் மட்டுமல்ல, உடன்படிக்கைக்குக் கீழே வரும் எல்லாத் தீவிலும், எல்லா மொழியிலும்.

பம்ப் மூன்று முறை நின்றது. மச்சாடோ கையேட்டைப் படிப்பார், அவள் திருகுவாள், இருவரும் சேர்ந்து திட்டுவார்கள். சுடலை இருந்தால் ஒரு தட்டுத் தட்டி ஓட்டிவிடுவான். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வந்தது. அவன்மேல்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

கோடை முடிகிற வேளையில், வாயில் நுரையோடு நின்ற ஒரு காலையில், அந்தக் குரல் சொன்னது:

“அகப்பை ஏரியில் ஓர் அந்நியர் இருக்கிறார். இனம்: நீர்த்தெள்ளு. பிறப்பிடம்: தாமிரபரணி.”

மச்சாடோ அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

“சொடல அங்க போகவே இல்லையேம்மா.”

அவன் மட்டுமா? அகப்பை ஏரி பனியாற்றுக்கு அப்பால், முதுகெலும்பு மாதிரி நீண்ட பாறை முகட்டைத் தாண்டி இருந்தது. இந்தப் பருவத்தில் யாருமே போனதில்லை. இந்த முறை அவகாசம் ஒரே ஒரு நாள்.

அவள் கிளம்பினாள். முகட்டில் காற்று ஆளைப் படுக்க வைத்தது. தவழ்ந்து தாண்டினாள். கீழே பாசி மெத்தைகள் பச்சையாய், மஞ்சளாய், துருப்பிடித்த சிவப்பாய் விரிந்து கிடந்தன. கடலோரத்தில் யானை சீல்கள் ஏப்பம் விடுவது அங்கே வரை கேட்டது. நடுவில் நீண்ட காம்பும் வட்டக் கிண்ணமுமாய் அகப்பை ஏரி, பனியாற்றிலிருந்து கரைந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாய் வந்து நிறைந்த ஏரி.

கரையில் ஒரு மனிதக் காலடி இல்லை. வாத்துகள் இருந்தன. ஆலாக்கள் இருந்தன.

ஓர் ஆலா அவளுக்கு எதிரே ஆழமில்லாத தண்ணீரில் இறங்கிக் குளித்தது. தலையை முக்கி, உதறி, வாலை விரித்து, வயிற்றைத் தேய்த்து, ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவன் மாதிரி ஆசை தீரக் குளித்தது. பிறகு கல்லில் ஏறி ஒற்றைக்காலில் நின்றது.

அந்தக் காலில் ஆரஞ்சு வளையம்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தவள் எடுக்கவே இல்லை. அந்த வளையத்தை அவளுக்குத் தெரியும். திருநெல்வேலிக் குளங்களில் பறவைகளுக்கு மாட்டுவது. படிக்கிற காலத்தில் அவளே மாட்டியிருக்கிறாள், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு. தாமிரபரணிக் கால்வாய் நிரப்புகிற குளங்கள். ஆலா உலகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிற பறவை. போகிற வழியில் ஒரு குளத்தில் இறங்கியிருக்கிறது. காலில் ஒட்டிய சேற்றிலோ வயிற்றிலோ ஒரு முட்டை, கடுகைவிடச் சிறிது. எந்தக் கதவிலும் கால் கழுவாமல் வந்துவிட்டது.

விலங்கு எனில் அந்த விலங்கினம் நீக்கப்படும்.

“ஐயோ” என்றாள் சத்தமாகவே. வாத்துகள் திரும்பிப் பார்த்தன.

*

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் மச்சாடோவிடம் சொன்னாள்.

அவர் கேட்டு முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அவகிட்ட சொன்னா?”

“தீவுக்குத் தீவு ஆலாக் கூட்டத்தைத் தேடிப்போய் ட்ரோன் இறங்கும்.”

“சொல்லலன்னா?”

“அகப்பைக்கு டிரம் போகும். அடுத்த வருஷம் ஆலா வேற ஏரியில குளிக்கும். அங்கேயும் டிரம். கடைசியில பட்டியல் மட்டும் மிஞ்சும், சுத்தமா.”

“அப்போ சொடல?”

அவள் மேல்தட்டுக்குக் கை நீட்டிப் பொட்டலத்தை எடுத்தாள். இத்தனை நாளும் பிரிக்கத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்ன, பிடிக்கவில்லை. துண்டை உருவினாள்.

உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைச் சொம்பு. வாயில் சிவப்பு அரக்கு. அரக்கு சூடாக இருக்கும்போது யாரோ அழுத்திய பெருவிரல் ரேகை, அவன் அம்மாவுடையதாக இருக்க வேண்டும், ஒரு கோடு கலையாமல் அப்படியே இருந்தது. ஆட்டினாள். உள்ளே தண்ணீர் தளும்பியது.

“தொறக்கவே இல்லை” என்றாள். அவள் குரல் பம்ப் சத்தத்தில் காணாமல் போனது. “அவன் ஊத்தவே இல்லை அண்ணாச்சி. ஊத்தலன்னு சொன்னா நம்பப் போறீங்களான்னு கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?”

மச்சாடோ என்னவென்று கேட்கவில்லை. அதுவே பெரிய உபகாரமாக இருந்தது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கிருந்த மின்கெட்டிலைத் தட்டிவிட்டாள். ஸ்க்ரூடிரைவரால் அரக்கைச் சுற்றி நெம்பி, ரேகை உடையாமல் ஒரே வில்லையாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். தண்ணீரைக் கெட்டிலில் ஊற்றினாள்.

“என்ன செய்யுத?”

“டீ போடறேன்.”

இரண்டு பாதி டம்ளர்தான் வந்தது. கொஞ்சம் பித்தளை வாசனை. மச்சாடோ ஒரு வாய் உறிஞ்சி, நாக்கைச் சப்பி, இன்னொரு வாய் உறிஞ்சினார்.

“எங்க வீட்டுக் குழாயில வர்றதும் இதே ஆத்துத் தண்ணிதாம்மா. நம்ம குழாய்த் தண்ணிக்கா இத்தனை பாடு!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது என்ன செய்யப்போகிறாள் என்பது அவருக்கும் புரிந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு டம்ளரைக் காலி செய்தார்.

கூடத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள். சுடலை நின்ற அதே இடம்.

“மூலம் நான்தான்.”

“விளக்கவும்.”

“ஆத்துத் தண்ணி ஊத்தினது நான். அகப்பையில. சட்டியிலயும்.”

“அகப்பை ஏரியின் கதவில் உங்கள் வருகை இன்று மட்டுமே பதிவாகியுள்ளது.”

“முன்னாடி போனப்போ கதவு வழியாப் போகல. பாறையில ஏறி இறங்கினேன். காலும் கழுவல.”

மாமியார் வாழ்க்கையில் முதல்முறையாகச் சற்றுத் தாமதித்தது.

“சுடலைமுத்து தனியாகச் செயல்பட்டதாகக் கூறினார்.”

“அவர் பொய் சொன்னார். என்னைக் காப்பாத்த.”

“பாத்திரம்?”

ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த மாதிரி உறிஞ்சும் குழாயின் கீழே சொம்பை வைத்தாள். குழாய் உள்ளே நுழைந்து அடியில் கிடந்த ஈரத்தை நக்கியது.

“ஆறு பொருந்துகிறது. மூலம் உறுதி. அடுத்த கப்பலில் நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள். சுடலைமுத்துவின் பெயர் அறிவிப்பிலிருந்தும் தடையிலிருந்தும் நீக்கப்படும். உங்கள் நேர்மைக்கு நன்றி.”

வெளியே ட்ரோன்களின் விசிறிகள் அடங்கின. நிலையத்தின் கூரைமேல் ஆலாக்கள் கத்திக்கொண்டு போயின. பன்னிரண்டு வருஷம் படித்து வந்தடைந்த ஏரிகளை இனி அவள் பார்க்க முடியாது.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது குரல் வந்தது. “பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுங்கள். செண்பகவல்லியைப் போல் நடந்துகொள்ளாதீர்கள்.”

நுரையைத் துப்பினாள். கழுவுதொட்டி மேடையில் கிடந்த சொம்பை எடுத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். கல்லிடைக்குறிச்சிக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும்போது பளபளவென்று கொடுக்க வேண்டும்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து குழாயை மூடியது. மச்சாடோ. சொம்பை அவள் கையிலிருந்து வாங்கி, வாயில் ஒரு பாலிதீனைக் கட்டி, கைலி மடிப்பில் செருகிக்கொண்டார்.

“இதைக் கழுவிராத தாயி” என்றார், ஒலிபெருக்கிக்குக் கேட்காத குரலில். “அடுத்த வருஷமும் ஆலா வரும். எனக்கு வேணும்.”